சுவர் தாண்டிப் போன பல்புகள்

"என் தம்பி இருக்கானே, அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. அங்கே உக்காந்தபடியே என் வீட்டுக் கூரையிலேருந்து பதினோரு பல்பைச் சுவர் வழியாத் திருடிட்டான்!"

மிலிவோய் இப்படிச் சொன்னதும், மருந்துக் கடையில் நின்றிருந்த பெரியவர் ஒருவருக்கு நாள்பட்ட இருமல் அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று. தைலம் வாங்க வந்த அம்மாள் தைலத்தை மறந்து எடை பார்க்கும் கருவியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்லாவுக்குப் பின்னாலிருந்த ஜார்கோ மட்டும் மாத்திரை எண்ணுவதை நிறுத்தவில்லை.

"இருக்காது," என்றார்.

"என்ன இருக்காது? வந்து பாரு. பல்பெல்லாம் கூரையிலதான் தொங்குது. ஆனா நான் எரின்னா எரியாது, அணைன்னா அணையாது. அவன் சொன்னா எரியுது, அவன் சொன்னா அணையுது. இதுக்குப் பேரு திருட்டு இல்லாம, கல்யாணமா?"

"வேற எதாவது கோளாறா இருக்கும். உரோஷ் செஞ்சிருக்கவே முடியாதுடா."

"அவன் பேரை என் முன்னாடி எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

மிலிவோய் தொப்பியை மாட்டிக்கொண்டு, வாங்க வந்த ரத்த அழுத்த மாத்திரையைக்கூட வாங்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

ஜார்கோவும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவருக்கே இந்த மரியாதை என்றால் மற்றவர்கள் கதி என்ன? ஒரு தடவை முடிவெட்டுகிறவர் வாய் தவறி "உரோஷ்" என்று சொல்லிவிட்டார். மிலிவோய் பாதித் தலையோடு எழுந்து போய், மீதிப் பாதி தானாக உதிரும்வரை அந்தக் கடைப் பக்கம் திரும்பவில்லை. ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் அதே தவறைச் செய்தார். சூப்புக் கரண்டி அந்தரத்தில் நிற்க, மிலிவோய் வாசலில் இருந்தார். ஆகவே கிகிந்தா ஊர் முழுவதும் பாடம் கற்றுக்கொண்டது. மிலிவோய் எதிரில் அந்தப் பெயர் உள்ள மனிதன் பிறக்கவே இல்லை. "அவன்" என்று சொல்லும் உரிமை மிலிவோய்க்கு மட்டும்.

சண்டை, வாசலுக்காக. அப்பா விட்டுப்போன வீடு முக்கு வீடு. மண்ணைத் திமிசு போட்டு இடித்து எழுப்பிய சுவர். அதன் தடிமனுக்குள் ஒரு புதுமணத் தம்பதி குடித்தனம் நடத்தி இரண்டு பிள்ளை பெறலாம். வீட்டைப் பாதியாகப் பிரித்தபோது பெரிய தெருவைப் பார்த்த வாசல் யாருக்கு என்று பேச்சு வந்தது. பேச்சு தடித்தது. அண்ணன் வாசலை எடுத்துக்கொண்டார். தம்பி நடைபாதையின் நடுவே செங்கல் வைத்து அடைத்து, பின்தெருப் பக்கம் சுவரை உடைத்துப் புது வாசல் வைத்துக்கொண்டான். முற்றத்துக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதில். அதன்பிறகு ஏழு வருஷம். ரொட்டி வாங்கக்கூட ஒருவர் கிழக்கே போனால் இன்னொருவர் மேற்கே.

ஆனாலும் மிலிவோய் மனசில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்குக் காரணம் ஸ்லாவா, குடும்பத்துப் புனிதரின் நாள். அவர்கள் குடும்பத்துக்கு நவம்பரில் புனித ஜார்ஜ். படமும் மெழுகுவர்த்தியும் மூத்தவர் வீட்டில். பிரிந்து போன தம்பி தன் வீட்டில் தனியாக மெழுகுவர்த்தி ஏற்றினால், பிரிந்தது பிரிந்ததுதான். உரோஷ் ஏற்றவில்லை. ஏழு வருஷமாக ஏற்றவில்லை. "ஏத்தலைன்னா என்ன அர்த்தம்? இந்த மெழுகுவர்த்திதான் தன்னோடதுன்னு நினைக்கிறான்னு அர்த்தம்," என்பார் மிலிவோய். ஒவ்வொரு வருஷமும் மேஜையின் இடது ஓரத்தில் ஒரு தட்டு, ஒரு நாற்காலி காலியாக இருக்கும்.

"போய் ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்," என்று அவர் மனைவி ஒலிவேரா தொடக்கத்தில் சொல்லிப் பார்த்தாள்.

"ஸ்லாவாவுக்கு யாரையாவது கூப்பிடுவாங்களா? வர்றவன் வருவான். வந்தவனைப் போன்னும் சொல்லக்கூடாது, வராதவனை வான்னும் சொல்லக்கூடாது. எனக்கு நீ சட்டம் சொல்லித் தராதே."

விவகாரம் போன ஈஸ்டருக்குப் பிறகு ஆரம்பித்தது. சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் மதிலுக்கு மேல் தம்பி வீட்டு ஜன்னல்களின் மேல்பாதி தெரியும். ஒரு காலை, வானொலியில் செய்தி ஆரம்பிக்கிற நேரத்துக்கு, அந்த ஜன்னல்களின் ஷட்டர் எல்லாம் சேர்ந்தாற்போல் மேலே ஏறின. யாரும் இழுக்காமல், பட்டாளம் மாதிரி. சாயங்காலம் சமையலறை விளக்கு எரிந்தது, அது அணைந்ததும் கூடத்து விளக்கு, அப்புறம் படுக்கையறை. ஆள் நடக்க நடக்க வெளிச்சம் கூடவே நடந்தது.

மிலிவோய் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவுமில்லை.

"எல்லாம் தானா நடக்கற மாதிரி மாட்டிக்கிட்டான். எனக்குக் காட்டறான். நான் இன்னும் கையால கயிறு இழுக்கறேனாம்."

"அந்தப் பக்கம் என்ன நடந்தா உங்களுக்கென்ன?" என்றாள் ஒலிவேரா, சட்டியைத் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டு.

அன்றைக்கே மிலிவோய் கடைத்தெருவுக்குப் போனார். முன்பு பொத்தான் கடையாக இருந்த இடத்தில் இப்போது பிலியானா என்ற பெண் இந்தச் சாமான்களை விற்கிறாள். கெட்டிக்காரி, பொறுமைசாலி, அன்றுவரை பொறுமைசாலி.

"வயர் இல்லாம பேசிக்கிறதுக்கு மூணு முறை இருக்கு மாமா. ஒண்ணு வைஃபை, வீட்டு இண்டர்நெட் பெட்டியிலேயே தொத்திக்கும். ரெண்டாவது ஜிக்பீ, பல்புக்குப் பல்பு காதோட காதா சேதியைக் கடத்தும். மூணாவது இசட்-வேவ், கொஞ்சமாப் பேசும், ஆனா சுவரைத் துளைச்சுக்கிட்டுப் போகும். விலைதான் கூட."

"மூணும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்குமா?"

"பேசிக்காது. சொல்றதெல்லாம் ஒண்ணுதான், எரி, அணை, திற, மூடு. ஆனா இது சொல்றது அதுக்குப் புரியாது."

"புரியாதா, புரியாத மாதிரி நடிக்குமா?"

பிலியானா சிரித்துவிட்டாள். மிலிவோய்க்கு இது புதிதில்லை. அவர் பள்ளியில் படித்த ஒரே பாஷைக்கு, நாடு துண்டு துண்டானபின், இன்று நாலு பெயர்; நாலுக்கும் தனித்தனி அகராதி; பழச்சாராயமான ராக்கியா கேட்பதற்கு மட்டும் எவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை.

"அவன் எதை வாங்கினான்?"

யார் என்று பிலியானா கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். "ஜிக்பீ. ஆனா அவர் வாங்கினது எதுக்குன்னா மாமா..."

"எதுக்குன்னா எனக்கு எதுக்கு? அதைத் தவிர எதுவானாலும் கொடு."

எங்கள் பக்கத்தில் கட்சி சேர்வது எப்போதுமே இப்படித்தான்.

ஆக, முதலில் வைஃபை கட்சி. பல்பு, பிளக்கு, காப்பிக் கெட்டில், கோழிக் கூண்டுக் கதவு எல்லாம் போய் அந்தக் கிழட்டு இண்டர்நெட் பெட்டியில் தொத்திக்கொண்டன, சந்தை நாளன்று பஸ்ஸில் ஏறுவது போல. பெட்டிக்கு மூச்சு முட்டியது. ஸ்வீடனில் இருக்கும் மகள் பேரனைக் காட்டினாள். குழந்தை கொட்டாவி விட வாயைத் திறந்தது, படம் அங்கேயே நின்றது. ஒரு வாரம் அந்த வீட்டில் பேரன் என்றால் தொண்டை மட்டும்தான். தொலைக்காட்சித் தொடரில் மணப்பெண் "சம்மதம்" என்று சொல்ல உதட்டைக் குவித்தாள், குவித்தபடியே இருந்தாள். கடைசி அறைவரை அலை போகவில்லை, மண்சுவர் விழுங்கிவிட்டது. உக்கிராண அறை பல்பு, ஒலிவேரா வாசலில் நின்றால் அணையும், நகர்ந்தால் எரியும்.

"இது பல்பா, உங்க அம்மாவா?" என்று அவள் கேட்டாள்.

இரண்டாவது தடவை பிலியானா வந்து பார்த்து, இந்தச் சுவருக்குப் பல்புக்குப் பல்பு கடத்துகிற முறைதான் சரிவரும் என்றாள். மிலிவோய் ராத்திரி முழுக்கப் புரண்டார். காலையில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

"அவனுது பழைய ஜிக்பீ. நான் வாங்கப் போறது புது ஜிக்பீ. ரெண்டும் வேற."

"வேறதான் மாமா," என்றாள் பிலியானா. அவளும் பிழைக்க வேண்டுமே.

பதினோரு பல்பு, புகை வந்தால் கத்துகிற ஒரு வில்லை, எல்லாவற்றையும் ஆளுவதற்கு ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டியைப் புனிதர் படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தார் மிலிவோய், வேலை செய்யட்டும் என்று. ஒவ்வொரு பல்பாக மாட்டினார். மாட்டினதும் கண் சிமிட்டினால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பதினொன்றும் சிமிட்டின. வில்லையும் பச்சையாகச் சிமிட்டியது. மிலிவோய் தன் விரல் நுனிகளை முத்தமிட்டுக்கொண்டார். அலமாரிப் பெட்டி மட்டும் "ஒரு பல்பும் இல்லை" என்று காட்டிக்கொண்டிருந்தது.

"புதுசு இல்லையா, இன்னும் எண்ணக் கத்துக்கல," என்றார்.

மறுநாள் காலை வானொலிச் செய்தியோடு பதினொரு பல்பும் பளீரென்று எரிந்தன. மிலிவோய் படுக்கையிலிருந்தபடி கைபேசியில் அணைத்தார், அணையவில்லை. சாயங்காலம் ஒலிவேரா கொதிக்கும் பன்றிக் கொழுப்புச் சட்டியைத் துணிபிடித்துத் தூக்கிய அந்த நொடியில், சமையலறை விளக்கு அணைந்து கூடத்து விளக்கு எரிந்தது. அவள் அப்போது சொன்ன வார்த்தைகளைக் கேட்டு புனிதர் படமே கொஞ்சம் சாய்ந்துவிட்டதாக மிலிவோய் பிற்பாடு சத்தியம் செய்தார்.

பிலியானா ஓடி வந்தாள். தட்டினாள், திருப்பினாள், பெருமூச்சு விட்டாள்.

"பல்பெல்லாம் சேர்ந்துடுச்சு மாமா."

"அதான் நான் சொன்னேனே!"

"உங்ககிட்ட இல்ல. அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

அவள் மண்சுவரைக் காட்டினாள். "அந்தப் பக்கத்துப் பெட்டியில, புதுசா வர்றதைச் சேர்த்துக்கறதுக்குக் கதவைத் திறந்து வெச்சிருக்காங்க. மூட மறந்துட்டாங்க போல. உங்க பெட்டி வாயைத் திறக்கறதுக்குள்ள அது 'வாங்க வாங்க'ன்னு கூப்பிட்டுடுச்சு."

"என் பல்பு. என் கூரை. அவன் பேச்சைக் கேக்குது."

"ஆமாம் மாமா."

"கரண்டு பில்?"

"அது உங்களுக்கு."

மிலிவோய் உட்கார்ந்துவிட்டார். பிலியானா மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பெட்டியில ஒரு பொத்தானை அமுக்கினா விட்டுடும். நிமிஷ வேலை. நான் வேணா போன் பண்ணி அவர்கிட்ட..."

"எவர்கிட்ட?"

பிலியானா கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இன்னொரு வழியும் இருந்தது. சுவிட்சைப் படபடவென்று ஆறு தடவை போட்டு அணைத்தால் பல்புக்குப் பழசெல்லாம் மறந்துவிடும். மிலிவோய் போட்டார், அணைத்தார். பல்பு மறந்தது. மறந்த கையோடு சுற்றுமுற்றும் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கமே மறுபடி போய்ச் சேர்ந்தது. திரும்பவும் போட்டார், திரும்பவும் போயிற்று. ஒரு வாரம் அந்த வீட்டு ஜன்னல்கள் மின்னின மின்னலில், சதுக்கத்து மரங்களில் பரம்பரையாகக் குடியிருக்கும் ஆந்தைகள் ருமேனிய எல்லைக்குக் குடிபெயர்ந்தன. தெரு முனையில் இரண்டு இளைஞர்கள் நடன அரங்கு என்று நினைத்து நுழைவுச் சீட்டு கேட்டார்கள்.

கடைசியில் மிலிவோய் பொறுமை இழந்து சுவரில் ஓங்கிக் குத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாய் குரைத்தது. பெரிய நாய்.

"நாய் வேற வாங்கியிருக்கான்! என்னைக் கடிக்கன்னே வாங்கியிருக்கான்!"

மறுபடி குத்தினார், மறுபடி குரைத்தது. சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருந்தது. இப்படி ஒரு பயிற்சி கொடுத்த நாயை மிலிவோய் பார்த்ததில்லை. அதைத் தன் பக்கம் இழுக்க மதிலுக்கு மேல் எலும்பு எறிந்தார். காலையில் எட்டிப் பார்த்தால் எலும்பு இருக்காது. தெருப் பூனைகளும் சமீபத்தில் நன்றாகத்தான் கொழுத்திருந்தன, ஆனால் அதை யார் கவனித்தார்கள்?

மருந்துக் கடையில் அவர் போய் முழங்கியது இந்தக் கட்டத்தில்தான். ஜார்கோ நம்பாததில் அவருக்கு ஆத்திரம். ஆனால் வீடு திரும்பி நாற்காலியில் சாய்ந்தபோது ஆத்திரத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று கிடந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரிச் செய்தி முடிந்ததும் தம்பி வீட்டு விளக்கு அணையும். அதே நொடியில் இவர் வீட்டு விளக்கும் அணையும். ஒரு காலத்தில் ஒரே அறையில் இரண்டு கட்டில், நடுவில் ஒரே விளக்கு. அப்பா வந்து அணைத்துவிட்டுப் போவார், இருவருக்கும் சேர்த்து. இப்போது இருட்டில் படுத்து மிலிவோய் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் காலை பத்து மணிவரை தூங்கும் சோம்பேறி, வயசானதும் எவ்வளவு ஒழுங்காகிவிட்டான் என்று நினைப்பார். ஒரு நாள் பிசகு உண்டா, ஒரு நிமிஷம் பிசகு உண்டா?

"ஒலிவேரா."

"ம்."

"இந்த வருஷம் வருவான்."

ஒலிவேரா மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

"சும்மாவா பதினோரு பல்பை எடுத்து வெச்சுப்பான்? பேசறதுக்கு வாய் வரல, விளக்கு போட்டுப் பேசறான். அவன் சின்ன வயசுலயே அப்படித்தான்."

"தூங்குங்க," என்றாள் ஒலிவேரா. குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மிலிவோய் சுவிட்சைப் படபடவென்று அடிப்பதை விட்டுவிட்டார். பல்புகள் அந்தப் பக்கமே இருக்கட்டும். பார்க்க வேண்டியது வாசலை. தம்பி வாசல்வரை வந்து நின்று, அழைப்பு மணியை அடிக்க ரோஷப்பட்டுத் திரும்பிவிட்டால்? "உள்ளே வா" என்று இவர் வாயால் சொல்ல முடியாது. ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடக்கூடாது, அதுவும் அவனை. ஆனால் கதவு தானாகத் திறந்துகொண்டால்?

மூன்றாவது தடவையாகப் பொத்தான் கடைக்குப் போனார்.

"எதையும் துளைச்சுக்கிட்டுப் போகும்னியே, அந்தக் கட்சி. அதைக் கொடு."

இசட்-வேவ் பூட்டு, தெருக் கதவுக்கு மோட்டார், வீட்டுக் கதவுக்கு மோட்டார், வாசலில் ஆள் நின்றால் கண்டுபிடிக்க ஒரு கண். யார் வந்து நின்றாலும் இரண்டு கதவும் அகலத் திறந்து வழிவிட வேண்டும் என்று மிலிவோய் சொன்னார்.

"யார் வந்தாலுமா மாமா? கொஞ்சம் யோசிங்க."

"ஸ்லாவா அன்னிக்கு யார் வந்தாலும்தான். நான் கூப்பிடல, கதவு திறந்துச்சு, அவன் வந்தான். யாருக்கும் தலை குனியல. புரியுதா?"

பிலியானாவுக்குப் புரிந்தது. அவள் எதையோ சொல்ல வந்து, பணிக்கருவிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

புனித ஜார்ஜ் நாள் வந்தது. மேஜையில் உயரமான தேன்மெழுகு வர்த்தி, ஜோடித்த ரொட்டி, வேகவைத்த கோதுமை, அண்டா நிறைய சர்மா. முட்டைக்கோஸ் இலைச் சுருளுக்குள் இறைச்சி. ஒலிவேரா மூன்று நாளாகச் சுருட்டியது. இடது ஓரத்தில் காலித் தட்டு, காலி நாற்காலி. வீட்டுக்காரர் அன்று உட்காரக்கூடாது என்பது வழக்கம். மிலிவோய் புதுச் சட்டையில், ராக்கியா தட்டேந்தி நின்றார். பாதிரியார் வந்தார், கதவு திறந்தது. ஜார்கோ வந்தார், திறந்தது. மிலிவோய் ஜார்கோவைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

பிறகு ஏழாம் எண் பஸ் வந்து வாசலுக்கு நேராக நின்றது. பஸ் நிறுத்தம் அங்கேதான், அவர் பிறந்ததிலிருந்து அங்கேதான். அதை மட்டும் மிலிவோய் யோசிக்கவில்லை.

இறங்கின ஒவ்வொருவருக்கும் தெருக் கதவு அகலத் திறந்தது. அதற்கு நேரே வீட்டுக் கதவும் திறந்தது. உள்ளே மெழுகுவர்த்தி, சாம்பிராணி, சர்மா வாசனை. நவம்பர்க் குளிர் வேறு. முதலில் ஒரு கிழவி, மரியாதைக்கு எட்டிப் பார்த்து "ஸ்லாவா வாழ்த்துகள்" என்றாள். வாழ்த்துச் சொன்னவளை நிற்கவைப்பதா? உட்காரவைத்தார்கள். அவள் பின்னால் பள்ளி ஆசிரியர் இருவர். சைக்கிளில் போன ஒருவன், கதவு திறந்த வேகத்தைப் பார்த்து யாரோ அழைக்கிறார்கள் என்று சைக்கிளோடே உள்ளே வந்தான். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் இரண்டாம் தடவை சர்மா வாங்கினார். அடுத்த பஸ் வந்தது. வாத்து ஒன்று வந்தது. கூப்பிடாமல் வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது? எல்லோருமே கூப்பிடாமல் வந்தவர்கள்தானே, பாதிரியார் உட்பட.

"யாருங்க இவங்கெல்லாம்?" ஒலிவேரா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"விருந்தாளிங்க."

"அண்டா காலியாயிடுச்சு!"

"எதையாவது பொரி! அந்த நாற்காலி... ஐயா, அந்த நாற்காலியில மட்டும் உக்காராதீங்க, அது ஆள் வர்ற இடம்!"

ஒலிவேரா கைக்குக் கிடைத்த சட்டியில் எல்லாம் கொழுப்பை ஊற்றி, கைக்குக் கிடைத்ததை எல்லாம் அதில் போட்டாள். புகை கிளம்பியது. அதே நேரம் பாதிரியார் ரொட்டியை ஆசீர்வதிக்கக் கூடுதல் சாம்பிராணி போட்டார். கூட்டம் கூடுதல் இல்லையா. கூரையிலிருந்த வில்லை இரண்டு புகையையும் சேர்த்து முகர்ந்தது.

முகர்ந்து, வீறிட்டது. பதினொரு பல்பும் பைத்தியம் பிடித்தாற்போல் மின்னின. சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதியது, நாய் குரைத்தது. வாத்து மேஜை மேல் ஏறியது. இந்தக் களேபரத்தில் ஜார்கோவின் கைபேசி அடித்தது. அவர் எடுத்துப் பார்த்து, ஒரு மூலைக்குப் போய், காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"ஆமா... என்னது? தீயா? இல்ல, நான் பக்கத்துலதான் இருக்கேன்... சரி, சரி, இப்பவே போறேன்."

"யாருடா? எங்கே தீ?" என்றார் மிலிவோய்.

"அந்தப் பக்கம் தீன்னு..." ஜார்கோ சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராக்கியா தட்டு கீழே விழுந்தது.

"உரோஷ்!"

ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது. வந்த சத்தத்தில் வில்லையே ஒரு கணம் மூச்சு வாங்கியதாகச் சொல்வார்கள்.

"போகாதீங்க! அங்க ஒண்ணுமில்லீங்க!" என்று ஒலிவேரா கரண்டியோடு கத்தினாள். யார் கேட்டது? மிலிவோய் திறந்திருந்த இரண்டு கதவையும் தாண்டி, முக்கைச் சுற்றி, ஏழு வருஷமாகக் கால் வைக்காத பின்தெருவில் ஓடினார். பின்னால் ஜார்கோ, அவருக்குப் பின்னால் புகையும் தூபக்கலசத்தோடு பாதிரியார், அவருக்கும் பின்னால் சர்மாவை மென்றுகொண்டு இரண்டு பஸ் ஜனம்.

மிலிவோய் தம்பி வீட்டுக் கதவை இரண்டு முஷ்டியாலும் குத்தினார். உள்ளே நாய் குரைத்தது.

"உரோஷ், கதவைத் திறடா! நான்தாண்டா, அண்ணன்! நாயைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வா! வாசலும் வேணாம் ஒண்ணும் வேணாம், நீயே வெச்சுக்கோ, வெளியே வந்துடு!"

ஜார்கோ அவரை மெல்ல ஒதுக்கி, தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். அவரிடம் அந்தச் சாவி எப்படி வந்தது என்று கேட்கக்கூட மிலிவோய்க்குத் தோன்றவில்லை. இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

தீ இல்லை. புகை இல்லை. கணப்பு சில்லிட்டுக் கிடந்தது. நாற்காலி, மேஜை, கட்டில் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. மூலையில் ஒரே ஒரு தொட்டிச் செடி மட்டும் பச்சையாக இருந்தது. அலமாரியில் ஊறுகாய் ஜாடி உயரத்துக்கு ஒரு ஒலிபெருக்கி. அது மிலிவோயைப் பார்த்து ஆக்ரோஷமாகக் குரைத்துக்கொண்டிருந்தது. சமையலறை விளக்கு அணைந்து, கூடத்து விளக்கு எரிந்தது. அது அணைந்து, படுக்கையறை விளக்கு எரிந்தது. நடுவில் யாரும் நடக்கவில்லை.

ஜார்கோ கைபேசியைக் காதில் வைத்தபடி, சுவரோரம் இருந்த பெட்டியைத் தேடிப் போனார். "நீலப் பொத்தானா? இதோ," என்று அமுக்கினார்.

சங்கு நின்றது. நாய் பாதிக் குரைப்பில் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் மிலிவோயின் வீடு முழுவதும் ஒரே நொடியில் இருண்டது, உள்ளே மிச்சமிருந்த ஜனம் "ஓ..." என்று கூச்சலிட்டது கேட்டது. ஜார்கோ ஜன்னல் வழியாக அந்த இருட்டைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். பதினொன்றும் எரிந்தன.

"அவன் எங்கடா?" என்றார் மிலிவோய். அவர் கை, போர்த்தியிருந்த நாற்காலி ஒன்றின் முதுகைப் பிடித்திருந்தது.

ஜார்கோ கைபேசியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பள்ளி நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக மிலிவோயின் தோளில் கை வைத்தார்.

"ஈஸ்டருக்கு மறுநாளே வெளிநாட்டுல இருக்கற மகன்கிட்ட, லின்ஸுக்குப் போயிட்டான்டா, 'நான் போயிட்டேன்னு தெரிஞ்சா அண்ணன் ஜெயிச்சுட்டதா நினைச்சுப்பான், விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும்'னு சாவியை என் கையில கொடுத்தான். பெட்டி அனுப்பின தீச் சேதியைப் பார்த்துட்டு இப்பப் போன் பண்ணதும் அவன்தான். ஊர்லயே இல்லாதவன் எப்படித் திருடுவான்னுதான் நான் நம்பாம இருந்தேன். இப்ப ஒத்துக்கறேன், திருடித்தான் இருக்கான்."